வணிகர் எழுப்பிய மண்டபம்

கடையில் ஓரடி நிலமும் வீணாகலாகாது என்பது வணிகர் கணக்கு. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஜோன் வனமேக்கர் என்பார் இக்கணக்கை மீறினார். டானியல் பேர்ணம் என்னும் கட்டடக் கலைஞர் வகுத்த அவரது பன்னிரண்டு மாடிப் பேரங்காடி 1911இல் ஜனாதிபதி டாஃப்ட் முன்னிலையில் திறந்துவைக்கப்பட்டது. மேல்தளங்களிற் பண்டம் அடுக்கக்கூடிய இடத்தை வெளியாக விட்டு, நடுவே ஏழு மாடி உயர மண்டபம் அமைக்கப்பட்டிருந்தது. 1904ஆம் ஆண்டுச் செயின்ற் லூயிஸ் பொருட்காட்சியில் இடம்பெற்ற வெண்கலக் கழுகும், ஆயிரமாயிரங் குழல்கள் கொண்ட ஓகன் வாத்தியமும் அதனை அணிசெய்தன. வாங்குவோரும் வாங்க வகையற்றோரும் ஒருங்கே நின்று இசை கேட்டனர். ‘கழுகருகே சந்திப்போம்’ என்பது நகரத்தார் வழக்காயிற்று.

பின்னர் மக்கள் புறநகர்களுக்குப் பெயர்ந்தனர். வாணிபமும் அவர்களைத் தொடர்ந்தது. 1995இல் வனமேக்கர் என்ற கடைப்பெயர் மறைந்தது. 2025 மார்ச்சில், அங்கு எஞ்சியிருந்த மேசிஸ் கடையும் மூடப்பட்டது. பண்டம் நிறைந்த தளங்கள் வெறுமையாயின. பண்டம் வைக்காது விட்ட வெளியையே நகரத்தார் தமதெனப் போற்றுகின்றனர்.