கருங்கல் தூணும் சோழியும்

நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. மழை வருமா வராதா என்று ஊரே கேட்பது இந்த வளாகத்தைத்தான்; தூணை யாரும் கேட்பதில்லை. நான் போனது தூணைப் பார்க்க. கிழக்கிந்தியக் கும்பினி 1792-இல் நிறுவிய வானாய்வகத்தில் கருவியைத் தாங்கிய தூண். வடிவமைத்த மைக்கேல் டாப்பிங்கின் பெயர் அதில் இருக்கிறது. கல்லை உடைத்து, இழுத்து, நிமிர்த்தியவர்களின் பெயர் இல்லை.

லத்தீனோடு தமிழிலும் தெலுங்கிலும் வாசகம் வெட்டியிருக்கிறார்கள். ஆசியாவில் கணித விஞ்ஞானம் முதன்முதலாக ஆங்கிலேயரின் தாராளத்தால் ஊன்றப்பட்டதை ஆயிரம் வருஷம் கழித்து வருகிறவனும் தெரிந்துகொள்ளணும் என்பது நோக்கம். தாராளமாவது ஒண்ணாவது! கப்பலுக்குத் தீர்க்கரேகை வேண்டும். பிடித்த நிலத்தை அளக்க நிலையான புள்ளி வேண்டும். 1802-இல் லாம்ப்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய நில அளவைக்கு ஆதாரம் இந்த ஆய்வகத்தின் தீர்க்கரேகைதான். ‘முதன்முதலாக’ என்ற சொல்லோ பச்சைப் பொய். சமர்கந்தில் உலுக் பெக் 15-ஆம் நூற்றாண்டிலேயே ஆய்வகம் கண்டவர். டெல்லியிலும் ஜெய்ப்பூரிலும் ஜெய்சிங் எழுப்பிய கட்டடக் கருவிகள் அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தன.

இவ்விடத்தில் இன்னொரு பிரதியைச் சேர்த்து வாசிக்கலாம். இதே ஆய்வகத்தில் முன்பு பொறுப்பிலிருந்த ஜான் வாரன் 1825-இல் ‘கால சங்கலித’ என்ற நூலை வெளியிட்டார். புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் அவ்வருஷத்துச் சந்திர கிரகணத்தைத் தரையில் சோழி பரப்பி, மனப்பாட வாக்கியங்களைக் கொண்டே கணித்துக்காட்டியதை அதில் பதிவு செய்கிறார். கோட்பாடு ஒன்றும் தெரியாதவர், நினைவாற்றல் மட்டும் உண்டு என்பது வாரனின் தீர்ப்பு. ஆக, அந்த மனிதரும் ஒரு கருவியாகத்தான் பதிவாகிறார்.

உடனே ‘பார், நம்ம முன்னோர்!’ என்று மார்தட்டக் கிளம்ப வேண்டாம். கிரகணத் தொடக்கத்தில் பிசகு நாலு நிமிஷம். முடிவில் ஐம்பதைத் தாண்டியது. வானத்தைப் பார்த்துச் சரிசெய்யாத வாய்பாடு, சில சாதிகளுக்குள்ளேயே பூட்டிக் கிடந்தது. கும்பினிக்குக் கல் என்றால் இவர்களுக்கு மனப்பாடம். இரண்டுமே கேள்வியை அனுமதிப்பதில்லை.

சிந்தாமணி ரகுநாதாச்சாரி முக்கியமாவது இங்கேதான். பஞ்சாங்கக் குடும்பத்திலிருந்து வந்து இதே ஆய்வகத்தில் போக்சனின் உதவியாளராக இருந்தவர். 1867-இல் ஆர் ரெடிகுலி என்ற மாறொளிர் விண்மீனைக் கண்டவர். 1874-இல் சூரியனை வெள்ளி கடந்தபோது, அதை விளக்க உரையாடல் வடிவில் இந்திய மொழிகளில் சிறுநூல் போட்டார். அவரும் அதே சமூகப் பின்னணியிலிருந்து வந்தவர்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நூலில் ஒருவர் கேட்கிறார், மற்றவர் விளக்குகிறார். தூணிலுள்ள தமிழுக்கு அந்த வாய்ப்பு கிடையாது. எசமான் சொன்னதை வாங்கி நிற்பதே அதன் வேலை.

1899-இல் வானாய்வு கொடைக்கானலுக்குப் போய்விட்டது. தூணின் உச்சியில் இன்று கருவி இல்லை, எழுத்து மட்டும் மிச்சம். நம் பிள்ளைகளுக்கு நாம் எழுதித் தரும் அறிவியல் தமிழ் இந்த இரண்டில் எந்தத் தமிழ்? திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னை அரித்த கேள்வி இது.