சரிவான மனையில் வீடு அமைத்தல்

சரிவான மனையில் வீடு அமைத்தல் என்பது, ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் கிடக்கும் நிலத்தில் குடும்ப வீடொன்றின் அறைகள், தள மட்டங்கள், வாயில்கள், வடிகால்கள் முதலியவற்றுக்கு இடம் குறிக்கும் திட்டமிடற் பணி ஆகும். சமதள மனையில் தெரு, திசை, காற்று ஆகியவற்றைக் கொண்டே பெரும்பாலும் திட்டத்தை வரைந்துவிடலாம். சரிவான மனையில் மண்ணும் நீரும் இவற்றுக்கு முன்னால் வருகின்றன. எவ்வளவு மண்ணை வெட்டுவது, எங்கே நிரப்புவது, மேட்டிலிருந்து இறங்கும் மழைநீரை எவ்வழியே அனுப்புவது என்பன தீர்மானிக்கப்பட்ட பின்னரே அறைகளுக்கு இடம் குறிக்க முடியும்.

இது மலைநாட்டுக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. சமவெளி எனக் கருதப்படும் சேலம், நாமக்கல் பகுதிகளிலும் நிலம் மேடு பள்ளமாகவே உள்ளது. சேர்வராயன் மலையில் தோன்றும் சரபங்கா ஆறு ஓமலூர், எடப்பாடி வழியாகச் சென்று காவிரியில் கலக்கிறது. ஜலகண்டாபுரம் போன்ற ஊர்கள் இவ்வாறு காவிரியை நோக்கிச் சாயும் நிலப்பரப்பில் அமைந்தவை. இங்கு ஒரு மனையின் இரு முனைகளுக்கிடையே சில அடி உயர வேறுபாடு இருப்பது வியப்புக்குரியது அன்று.

சரிவை அளத்தல்

சரிவு பொதுவாக விகிதமாகக் கூறப்படும். 12 அடி தொலைவுக்கு 1 அடி இறங்கும் நிலம் 1:12 சரிவு உடையது. கண்ணால் பார்த்து மதிப்பிடுவது பெரும்பாலும் தவறாகவே முடியும். சுற்றிலும் உள்ள நிலமும் சாய்ந்திருந்தால் மனை சமதளம் போலவே தோன்றும். ஒளி ஊடுருவும் நெகிழிக் குழாயில் நீர் நிரப்பி, இரு முனைகளிலும் நீர்மட்டத்தைக் குச்சிகளில் குறித்துக்கொள்வது கொத்தனார்கள் கையாளும் எளிய முறை. மனை முழுவதும் 10 அடிக்கு ஒரு புள்ளியாக இவ்வாறு அளந்து, ஒரே உயரமுள்ள புள்ளிகளை இணைத்தால் சம உயரக் கோடுகள் கிடைக்கும். நில அளவைக் கருவி கொண்டும் இதனைச் செய்யலாம். இக்கோடுகள் வரையப்படாத வரைபடத்தின் மேல் அறைகளைத் திட்டமிடுவது வீண்வேலை.

நீள்பக்கத்தின் திசை

வீட்டின் நீள்பக்கம் சம உயரக் கோட்டுக்கு இணையாக இருக்க வேண்டும் என்பது இத்துறையின் முதன்மையான விதி. இதன் பயனை ஓர் எளிய கணக்கால் அறியலாம். 1:12 சரிவுள்ள மனையில் 40 அடி நீளமும் 20 அடி அகலமும் கொண்ட வீடு கட்டப்படுவதாகக் கொள்க. நீள்பக்கம் சம உயரக் கோட்டுக்கு இணையாக இருந்தால் வீட்டின் மேற்பக்கத்துக்கும் கீழ்ப்பக்கத்துக்கும் இடையே 20 அங்குல வேறுபாடு இருக்கும். நீள்பக்கம் சரிவின் வழியே இறங்கினால் இது 40 அங்குலம் ஆகும். தளம் முழுவதையும் மேற்பக்க மட்டத்துக்கு உயர்த்த முதல் முறையில் சுமார் 670 கன அடி மண் தேவை. இரண்டாவது முறையில் சுமார் 1,330 கன அடி. தமிழகத்தில் மணலும் கிராவலும் 100 கன அடி கொண்ட யூனிட் கணக்கில் விற்கப்படுவதால், வீட்டைத் திருப்பி வைப்பதால் மட்டும் ஆறு, ஏழு யூனிட் மண் மிச்சமாகிறது. நிரப்பாமல், மேற்பாதியை வெட்டிக் கீழ்ப்பாதியில் போட்டால் கையாள வேண்டிய மண் இன்னும் நான்கில் ஒன்றாகக் குறையும்.

கேரளத்தில் பணியாற்றிய கட்டிடக்கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) செலவுக் குறைப்புப் பற்றிய தமது கையேட்டில் இவ்விதியைப் படம் வரைந்து விளக்கியுள்ளார். திருவனந்தபுரம் நாலாஞ்சிறையில் பாறை நிறைந்த செங்குத்தான சரிவொன்றில் அவர் தமது குடும்பத்துக்காகக் கட்டிய 'ஹாம்லெட்' என்னும் வீடு இவ்வகைத் திட்டமிடலுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. சிறு குடிலாகத் தொடங்கி, தேவை எழுந்தபோதெல்லாம் சரிவை ஒட்டியே அவ்வீடு பல ஆண்டுகளாக வளர்ந்தது. பாறையை உடைத்து இடத்தைச் சமமாக்கிய பின் கட்டத் தொடங்கியிருந்தால் அது அவ்வாறு வளர்ந்திருக்க இயலாது. அதே நகரில் 1971 இல் நிறுவப்பட்ட வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டிடங்களையும் அவர் குன்றின் வடிவத்தை ஒட்டியே அமைத்தார்.

தள மட்டங்கள்

சரிவு குறைவாக உள்ள இடத்தில் வீடு முழுவதும் ஒரே மட்டத்தில் இருப்பதே நல்லது. 20 அங்குல வேறுபாட்டைக் கீழ்ப்பக்க வாயிலில் மூன்று படிகள் வைத்துச் சரிசெய்துவிடலாம். சரிவு 1:4 ஐ நெருங்கும்போது நிலைமை மாறுகிறது. 24 அடி ஆழமுள்ள வீட்டுக்கடியில் நிலம் 6 அடி இறங்குகிறது. இங்கு வீட்டை இரு பகுதிகளாகப் பிரித்து, ஒன்றை மற்றொன்றைவிட அரை மாடி உயரத்தில் வைக்கும் முறை பொருந்தும். 5 அடி வேறுபாட்டுக்கு ஒன்பது படிகள் போதுமானவை. கீழ்ப்பகுதிக்கு மேலே மொட்டைமாடியும், மேற்பகுதிக்குக் கீழே சேமிப்பறையோ வண்டி நிறுத்துமிடமோ கிடைப்பது இம்முறையின் ஆதாயம்.

ஆயினும் குடும்ப வீட்டில் முதியவர்களை மறந்து வரையப்படும் அரைமாடித் திட்டங்கள் வரைபடத்தில் மட்டுமே அழகாக இருக்கும். நுழைவாயில், சமையலறை, ஒரு படுக்கையறை, ஒரு கழிப்பறை ஆகிய நான்கும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1:12 ஐ விடச் செங்குத்தாக இருக்கக்கூடாது என்பதால், 20 அங்குல உயரத்துக்கே 20 அடி நீளச் சாய்தளம் தேவைப்படும். இதற்கான இடத்தைத் திட்டமிடும்போதே ஒதுக்காவிட்டால் பின்னர் கிடைக்காது.

வெட்டிய மண்ணும் நிரப்பிய மண்ணும்

வெட்டப்பட்ட பகுதியில் வீடு பழைய, இறுகிய மண்ணின் மேல் நிற்கிறது. நிரப்பப்பட்ட பகுதியிலோ தளர்ந்த மண் பல மழைக்காலங்கள் வரை அமிழ்ந்துகொண்டே இருக்கும். ஒரே சுவரின் ஒரு பாதி முதல் வகையிலும் மறுபாதி இரண்டாம் வகையிலும் நின்றால், இரண்டும் சேருமிடத்தில் சாய்வான வெடிப்பு தோன்றும். இதனைத் தவிர்க்கக் கடைக்கால், நிரப்பிய மண்ணைக் கடந்து இயற்கையான கெட்டி மண்வரை இறங்க வேண்டும். அதன் அடிப்பகுதி நிலத்தைப் போல் சாய்ந்திராமல் படிப்படியாக, ஒவ்வொரு படியும் கிடைமட்டமாக இருத்தல் அவசியம். தளத்துக்கு அடியில் நிரப்பும் மண்ணை அரை அடி முதல் முக்கால் அடி வரையான அடுக்குகளாகப் போட்டு, நீர் தெளித்து இடிக்க வேண்டும். ஒரே நாளில் லாரி லாரியாகக் கொட்டிச் சமப்படுத்தும் வழக்கம் பின்னாளைய வெடிப்புகளுக்குப் பெருங்காரணம்.

நெசவு நடைபெறும் ஜலகண்டாபுரம் பகுதியில் இவ்வேறுபாடு தொழிலையும் பாதிக்கக்கூடியது. ஓயாமல் அதிரும் விசைத்தறிகளை நிரப்பிய மண்ணின் மேல் உள்ள தளத்தில் நிறுத்தினால் தளம் அமிழும், தறியின் மட்டமும் கெடும். எனவே தறிக்கூடம் வெட்டிய பகுதியிலும், எடை குறைந்த திண்ணையும் தாழ்வாரமும் நிரப்பிய பகுதியிலும் வருவது பொருத்தம். குழித்தறி உள்ள வீட்டில் நிலைமை சற்று மாறுபடும். நெசவாளரின் கால்கள் குழிக்குள் இருப்பதால், மேட்டுப்பக்கச் சுவரை ஒட்டித் தறிக்குழி வெட்டினால் மழைக்காலத்தில் நீர் கசிந்து குழியில் தேங்கும்.

மனையடி சாஸ்திர வழக்கப்படி கன்னி மூலை எனப்படும் தென்மேற்கு உயர்ந்தும், ஈசானிய மூலை எனப்படும் வடகிழக்கு தாழ்ந்தும் இருத்தல் வேண்டும். ஆனால் இப்பகுதியின் நீரோட்டம் பொதுவாகத் தெற்கும் மேற்குமாகவே செல்கிறது. ஆகவே பல மனைகளில் இயற்கையாகத் தாழ்ந்திருப்பது கன்னி மூலையே. அதனை மண் கொட்டி உயர்த்தி, அதன்மேல் வீட்டின் கனமான பகுதியை வைத்தால், மிக ஆழமாக நிரப்பிய இடத்திலேயே மிகுந்த எடை அமைகிறது. அத்துடன் மனையின் இயல்பான நீர்வழியும் அடைபடுகிறது. வழக்கத்தை விட விரும்பாதவர்கள் மண்ணை உயர்த்துவதற்குப் பதிலாக, கடைக்காலை ஆழமாக இறக்கித் தூண்களின் மேல் தளத்தை மட்டும் உயர்த்திக்கொள்ளலாம்.

தாங்குசுவர்

வெட்டிய மண் சரியாமல் நிறுத்தக் கட்டப்படுவது தாங்குசுவர். சுவரின் உயரம் இரு மடங்கானால் மண் அதன்மேல் செலுத்தும் மொத்த விசை நான்கு மடங்காகவும், அதனைக் கவிழ்க்க முயலும் திருப்புத்திறன் எட்டு மடங்காகவும் உயர்கிறது. 8 அடிச் சுவர் ஒன்றைவிட, போதிய இடைவெளி விட்ட 4 அடிச் சுவர்கள் இரண்டு பாதுகாப்பானவையாக இருப்பது இதனாலேயே. இடைவெளி கீழ்ச்சுவரின் உயரத்தைப் போல் இரு மடங்காவது இருக்க வேண்டும். இல்லாவிடில் மேற்சுவரின் சுமையும் கீழ்ச்சுவரின் மேல் விழும். சேலம் பகுதியில் எளிதிற் கிடைக்கும் கருங்கல் இதற்கு ஏற்றது. சுவரின் பின்னால் கல்சல்லி நிரப்பி, சுவரில் கசிவுத்துளைகள் விட வேண்டும். வீட்டின் வெளிச்சுவரையே தாங்குசுவராகப் பயன்படுத்துவது சிக்கனமாகத் தோன்றினும், அச்சுவர் ஆண்டு முழுவதும் ஈரம் காக்கும்.

நீர்

மேட்டிலிருந்து வரும் நீர் வீட்டின் சுவரைத் தொடுமுன்பே மறிக்கப்பட வேண்டும். மேற்பக்கச் சுவரிலிருந்து சில அடிகள் தள்ளி, சம உயரக் கோட்டுக்கு ஏறத்தாழ இணையாக ஒரு வாய்க்கால் வெட்டி, நீரை வீட்டின் இரு பக்கங்களிலும் இறக்கிவிடுவது வழக்கம். கூரை நீரும் சிறிதன்று. 800 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் சுமார் 1,900 லிட்டர் நீர் சேரும். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003 இல் கட்டாயமாக்கப்பட்டது. சரிவான மனையில் நீர் உறிஞ்சு குழியைத் தாங்குசுவரின் பின்னால் வெட்டக்கூடாது. அது சுவரைத் தள்ளுவதற்கு நாமே நீர் ஊற்றுவதை ஒக்கும்.

சமையலறை, குளியலறை, கழிப்பறை ஆகியவை தாழ்ந்த பக்கத்தில் இருந்தால் கழிவுநீர் தானே வெளியேறும். கழிவுநீர்த் தொட்டி கிணற்றைவிடத் தாழ்வான இடத்தில் அமைய வேண்டும். தெருவைவிடத் தாழ்ந்த மனையில் தள மட்டத்தை முடிவு செய்யும்போது, தமிழக ஊர்களில் தெரு ஒவ்வொரு முறை புதுப்பிக்கப்படும்போதும் உயர்ந்துவிடுவதையும் கணக்கிற் கொள்வது நன்று.

மேற்சரிவின் ஆபத்து

மனைக்குள் செய்யும் எந்தத் திட்டமும் மனைக்கு மேலேயுள்ள சரிவைக் கட்டுப்படுத்தாது. 2014 அக்டோபர் 29 அன்று இலங்கையின் பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலைச்சரிவு இறங்கித் தமிழ்த் தொழிலாளர்களின் லயன் வீடுகளை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. பெஞ்சல் புயல் மழையின்போது, 2024 டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலையடிவார வீட்டின்மேல் மண்ணும் பாறையும் சரிந்து ஏழு பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஐவர் சிறுவர்.

மேற்சரிவில் புதிய நிலவெடிப்பு, சாய்ந்த மரங்கள், வழக்கமற்ற இடத்தில் ஊறும் நீர், முன்பு சரிந்த மண்ணின் அடையாளம் ஆகியவற்றுள் ஒன்று காணப்பட்டாலும், மனையை வாங்குவதற்கு முன்பே நிலவியல் அறிந்தவரின் கருத்தைப் பெற வேண்டும். இலங்கையின் மண்சரிவு அபாய மாவட்டங்களில் கட்டிட அனுமதிக்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை கோரப்படுகிறது. தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட மலைப்பகுதி ஊர்களில் கட்டுமானத்துக்குத் தனி விதிகள் உள்ளன. மலையடிவார மனைகள் பல இவ்வறிவிக்கைகளுக்கு வெளியே இருப்பதால், அங்கு இந்த ஆய்வு வாங்குபவரின் பொறுப்பிலேயே விடப்பட்டுள்ளது.