தபாலில் வந்திருக்க வேண்டிய மூலநிரல்

இலவச லேப்டாப் திட்டம் என்றதும் அரசியல் வரும், செலவுக் கணக்கு வரும். ஆன் செய்ததும் திரையில் வந்த இரண்டு பெயர்களைப் பற்றிய பேச்சு குறைவு. 2011 செப்டம்பரில் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய அந்தக் கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது.

பாஸ் நம்ம ஊர்ச் சரக்கு. சென்னை சி-டாக் உருவாக்கி 2007-இல் வெளியிட்டது. அடித்தளம், 1993-இல் தொடங்கிய டெபியன். அதன் மேல் தமிழ் உட்பட இந்திய மொழிகள்.

கல்வராயன் மலைக்குப் போயிருந்தபோது கரியாலூரில் ஒரு தம்பி தன் லேப்டாப்பைக் காட்டினான். "இதுல பாஸ்னு ஒண்ணு வருதுண்ணா. எதுக்குன்னுதான் தெரியல."

எதுக்குன்னா, பிரித்துப் பார்க்க. லினக்ஸ் கெர்னலின் மூலநிரலை எடுத்து, வேண்டிய வசதிகளைத் தேர்ந்தெடுத்து, 'மேக்' என்று கட்டளை கொடுத்தால் போதும். சி மொழியில் மனிதர்கள் எழுதிய கோப்புகள் ஒவ்வொன்றாக இயந்திர மொழிக்கு மாறும். அந்த ரக லேப்டாப்பில் சில மணி நேரம் ஓடும். அப்புறம் நீங்களே கட்டிய கெர்னலில் கணினி எழும். இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் ஒரு ராத்திரி இதைச் செய்தபோதுதான், இயங்குதளமும் யாரோ எழுதியது, படிக்கலாம், மாற்றலாம் என்று எனக்கு உறைத்தது.

சிக்னல் வந்து வந்து போகிற மலையில் எப்படி டவுன்லோட் செய்வது? 1985-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் ஈமாக்ஸ் நிரலைக் காந்த நாடாவில் பதிந்து 150 டாலருக்குத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார். 1991-இல் வந்த ஜிபிஎல் உரிமத்தின் இரண்டாம் பதிப்பில் அந்தக் காலத்தின் வாசனை இருக்கிறது. நிரலை விநியோகிப்பவர் மூலநிரலைக் கூடவே தரலாம். இல்லையென்றால், அனுப்பும் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு கேட்பவர் எவருக்கும் தருவதாக, குறைந்தது மூன்று ஆண்டுகள் செல்லும்படி எழுதிக் கொடுக்கலாம். லினக்ஸ் கெர்னல் இந்த உரிமத்தின் கீழ்தான் வருகிறது.

தபால்காரரை மனதில் வைத்து எழுதிய விதி இது. கரியாலூருக்குத் தபால் வரும். ஆக, தடை மலை இல்லை. கேட்டு வாங்கும் உரிமை அந்தத் தம்பிக்கு இருந்தது. இருக்கிறது என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை.

அன்றைய கெர்னலின் மூலநிரல், சுருக்கினால் நூறு எம்பிக்குள் அடங்கும். கம்பைலரையும் சேர்த்தாலும் ஒரு சிடி போதும். லேப்டாப்கள் லாரியில் போன வழியிலேயே பள்ளிக்கு ஒரு சிடியும் போயிருக்கலாம். கூடவே தமிழில் ஒரு பக்கம், எப்படிக் கட்டுவது என்று.