நான்கு பெயர்ச்சொற்களின் வழக்கு

ஒரு பொருளுக்குரிய பல பெயர்களை நம் நிகண்டுகள் ஒரே வரிசையில் நிறுத்தி வைத்தன. அவ்வரிசையில் எதை எடுத்தாலும் ஒன்றுதானே என்னும் எண்ணம் அகராதி புரட்டும் எவருக்கும் எழும். ஆங்கிலத்தைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் எத்துணை ஆபத்தானது என்பதை 16ஆம் நூற்றாண்டில் நடந்த ஒரு சொற்போர் காட்டுகிறது. ஒரு பக்கம் கிரேக்கம் கற்ற வில்லியம் டிண்டேல். மறுபக்கம் 'உட்டோபியா' எழுதிய தாமஸ் மோர். இருவரும் மோதிக்கொண்டவை முதன்மையாக நான்கு பெயர்ச்சொற்கள்.

பின்னணியைச் சுருக்கமாகக் காண்போம். விக்ளிஃப் வழியினர் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலத்தீனிலிருந்து விவிலியத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தனர். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, ஆயர்களின் இசைவின்றி விவிலியத்தை ஆங்கிலமாக்குதல் இங்கிலாந்தில் தடை செய்யப்பட்டது. டிண்டேல் இலண்டன் ஆயர் டன்ஸ்டலின் ஆதரவை நாடினார், கிடைக்கவில்லை. ஜெர்மனிக்குச் சென்றார். கிரேக்க மூலத்திலிருந்து அவர் பெயர்த்த புதிய ஏற்பாடு 1526இல் வோர்ம்ஸ் நகரில் அச்சாகி, இங்கிலாந்துக்குள் மறைவாக வந்து சேர்ந்தது. அதே ஆண்டில் டன்ஸ்டல் அந்நூலை இலண்டனில் எரிக்கச் செய்தார்.

எரிக்கத்தக்கதாக அதில் என்ன இருந்தது? 'எக்லீசியா' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு மக்கள் அறிந்த 'சர்ச்' இருக்க, டிண்டேல் 'காங்கிரிகேஷன்' என்று எழுதினார். 'பிரெஸ்புடெரோஸ்' என்பதற்குப் 'பிரீஸ்ட்' என்னாது 'சீனியர்' என்றார். 'மெடனோயா' என்பதற்குப் 'பெனன்ஸ்' வழியை விட்டு 'ரிபென்டன்ஸ்' வழியைக் கொண்டார். 'அகாபே'க்குச் 'சாரிட்டி' வேண்டாம், 'லவ்' போதும் என்றார்.

மேலோட்டமாக நோக்கின் இவை இணைச்சொற்களே. ஆனால் ஒவ்வோர் இணையிலும் பழைய சொல்லின் பின்னால் ஒரு நிறுவனம் நின்றது. சர்ச் என்றால் உரோமைத் தலைமையும் அதன் அதிகாரமும்; காங்கிரிகேஷன் என்றால் கூடியிருக்கும் மக்கள். பிரீஸ்ட் என்றால் பலி நிறைவேற்றிப் பாவமன்னிப்பு வழங்கும் குரு. சீனியர் என்றால் வயதிலும் அறிவிலும் மூத்தவர். பெனன்ஸ் என்றால் குருவிடம் பாவத்தை அறிக்கையிட்டு அவர் விதிக்கும் பரிகாரத்தைச் செய்தல். ரிபென்டன்ஸ் என்றால் மனம் மாறுதல். சொற்களை மாற்றினால், விவிலியத்தைத் தன் வீட்டில் படிக்கும் ஓர் உழவனுக்குக் குருவும் பரிகாரமும் அந்நூலில் தென்படாமலே போகும்.

இதை மோர் நன்கு உணர்ந்திருந்தார். டன்ஸ்டல் கேட்டுக்கொண்டதற்கிணங்கி எழுதி 1529இல் வெளியிட்ட உரையாடல் நூலில் அவர் இச்சொற்களை எடுத்துக்கொண்டு தாக்கினார். அவருடைய வாதம் மொழியியல் நோக்கில் வலுவானது. ஒரு சொல்லின் பொருளை முடிவு செய்வது அதன் வேர் அன்று, மக்கள் வழக்கு. காங்கிரிகேஷன் என்பது துருக்கியர் கூடினாலும் பொருந்தும் பொதுச்சொல். சர்ச் என்பதே கிறித்தவர் கூட்டத்துக்கு உரியது. எல்லா லவ்வும் சாரிட்டி ஆகாது. நெறிப்பட்ட நல்லன்பு மட்டுமே சாரிட்டி. சீனியர் என்பதோ நல்ல ஆங்கிலமே அன்று.

டிண்டேல் 1531இல் மறுமொழி எழுதினார். சர்ச் என்றதும் மக்கள் நினைப்பது கட்டடத்தையும் குருமாரையுமே, விசுவாசிகள் அனைவரையும் அன்று என்றார். சாரிட்டி என்றால் பிச்சையிடுதல் என்றே பாமரர் கொள்வர் என்றார். மோரின் நண்பர் எராஸ்மஸ் தம் இலத்தீன் பெயர்ப்பில் 'காங்கிரிகாட்சியோ' என்று எழுதியபோது மோர் ஏன் வாளாவிருந்தார் என்றும் வினவினார். எராஸ்மஸிடம் தீய நோக்கம் இல்லை, டிண்டேலிடம் உண்டு என்பது மோரின் விடை. வழக்கு இங்கே சொல்லிலிருந்து நோக்கத்துக்கு நகர்ந்துவிடுவதை நாம் கவனிக்க வேண்டும். ஒன்றில் மட்டும் டிண்டேல் இணங்கினார்: 1534ஆம் ஆண்டுப் பதிப்பில் சீனியர் போய் 'எல்டர்' வந்தது.

இருவர் முடிவும் கொடியது. அரசனைத் திருச்சபைத் தலைவனாக ஏற்க மறுத்த மோர் 1535இல் தலை வெட்டப்பட்டார். அதே ஆண்டு ஆன்ட்வெர்ப்பில் பிடிபட்ட டிண்டேல், 1536இல் பிரஸ்ஸல்ஸ் அருகே வில்வோர்டேயில் மதத்துரோகக் குற்றத்துக்காகக் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டார்.

சொற்களோ பிழைத்திருந்தன. 1539இல் எட்டாம் ஹென்றியின் இசைவோடு வந்த பெரிய விவிலியத்தில் காங்கிரிகேஷனே இருந்தது. ஆனால் 1560இல் ஜெனீவாவில் குடியேறிய ஆங்கிலச் சீர்திருத்தவாதிகளே சர்ச்சுக்குத் திரும்பினர். தமக்கென்று ஒரு சபை அமைந்தபின் அச்சொல் அவர்களுக்கு அச்சம் தரவில்லை போலும். மன்னர் ஜேம்ஸ் தம் பெயர்ப்பாளர்களுக்கு விதித்த நெறிகளுள் ஒன்று, சர்ச்சைக் காங்கிரிகேஷன் ஆக்கலாகாது என்பதே. 1611இல் அவர்கள் வெளியிட்ட நூலில் சர்ச் மோருக்கு. எல்டரும் ரிபென்டன்ஸும் டிண்டேலுக்கு. அகாபே மட்டும் பிளவுண்டது. யோவானின் முதல் நிருபத்தில் கடவுளைக் குறிக்குமிடத்தில் லவ் நின்றது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 13ஆம் அதிகாரத்தில் சாரிட்டி அமர்ந்தது. 1881ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பு அங்கும் லவ்வைக் கொண்டுவந்தது.

ஏன்? சாரிட்டி என்றால் அறக்கொடை என்பதே அதற்குள் பெருவழக்காகிவிட்டது. வழக்கே பொருளை முடிவு செய்கிறது என்றவர் மோர். அந்த விதியே சர்ச்சில் அவரை வெல்ல வைத்தது. சாரிட்டியில் தோற்க வைத்தது. தமிழில் வழக்கு என்னும் ஒரே சொல் நீதிமன்ற வழக்கையும் மக்கள் வழக்கையும் குறிப்பது இங்கே பொருத்தமாகவே தோன்றுகிறது.

இதே கிரேக்கச் சொற்கள் தமிழுக்கும் வந்தன. சீர்திருத்தச் சபையாரின் தமிழ் விவிலியத்தில் நாம் காண்பவை சபை, மூப்பர், மனந்திரும்புதல், அன்பு. நான்கும் டிண்டேலின் பக்கம் சாய்ந்த சொற்கள். ஆயினும் 'சபை' சங்கீதத்துக்கும் சட்டத்துக்கும் பொதுவானது ஆதலின், கிறித்தவர் வழக்கு அதற்குத் 'திரு' என்னும் அடை தந்து 'திருச்சபை' ஆக்கிக்கொண்டது. பொதுச்சொல் போதாது என்ற மோரின் குறையும் அந்த ஓர் அடையால் தீர்ந்தது.