நான்சென் கடவுச்சீட்டின் விலை

1921 டிசம்பரில் சோவியத் அரசின் ஆணை ஒன்று, புரட்சிக்குப் பின் வெளிநாடுகளில் தங்கிவிட்ட லட்சக்கணக்கான ரஷ்யர்களின் குடியுரிமையைப் பறித்தது. கட்டணம் கட்டத் தயாராக இருந்தாலும் அவர்களுக்குக் கடவுச்சீட்டு தர எந்த நாடும் இல்லை. உலக நாடுகள் சங்கத்தின் அகதிகள் ஆணையராக இருந்த நார்வேக்காரர் ஃபிரிட்ஜோஃப் நான்சென், 1922 ஜூலையில் ஜெனீவாவில் அரசுகளைக் கூட்டி ஓர் அடையாளச் சான்றிதழுக்கு ஒப்புதல் பெற்றார். அதுவே நான்சென் கடவுச்சீட்டு. 1924இல் ஆர்மீனிய அகதிகளுக்கும் அது கிடைத்தது.

1926 மே மாத ஒப்பந்தம் இதற்கு விலை வைத்தது. நான்செனின் உருவம் பொறித்த அஞ்சல்தலை போன்ற வில்லையைச் சான்றிதழில் ஒட்ட வேண்டும். விலை 5 தங்க பிராங்க். சான்றிதழைப் புதுப்பிக்கும்போதும் வில்லை வாங்கியாக வேண்டும். நாடிழந்தவர்களிடம் காசு கேட்பது கொடுமையாகத் தெரியலாம். ஆனால் அந்தப் பணம் எந்த அரசின் கஜானாவுக்கும் போகவில்லை. வறிய அகதிகளின் குடியேற்றத்துக்கும் பிழைப்புக்கும் உதவும் நிதியில் சேர்ந்தது. கையில் பணமில்லாதவர்களுக்கு விலக்கும் இருந்தது. வசதியுள்ள அகதி, வசதியில்லாத அகதிக்குத் தோள் கொடுத்த நேர்மையான ஏற்பாடு இது. இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி, எழுத்தாளர் நபக்கோவ் போன்றோர் இந்தச் சான்றிதழில் பயணம் செய்தவர்கள்.

நான்சென் 1930இல் காலமானார். அவர் பெயரிலான அகதிகள் அலுவலகம் 1938இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பெற்றது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை, அகதிகளின் பயண ஆவணத்துக்கான கட்டணம் அந்தந்த நாட்டுக் கடவுச்சீட்டுக் கட்டணங்களில் மிகக் குறைந்ததைத் தாண்டக் கூடாது என விதித்தது.