கல்லுமலையைப் பார்த்திருக்கிறீர்களா?



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் போதும், "அப்பா, எங்கேயாவது கூட்டிக்கிட்டுப் போங்க!" என்று பிள்ளைகள் நச்சரிப்பார்கள். உடனே நமக்குக் கேமரன் மலைதான் நினைவுக்கு வரும். ஈப்போவில் நம் வீட்டு வாசலிலேயே நிற்கும் மலைகளை நாம் திரும்பிப் பார்ப்பதில்லை.

கிந்தா பள்ளத்தாக்கின் கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் நிற்கிறது. அதன் மிக உயர்ந்த சிகரமான கொர்பு 2,183 மீட்டர் உயரம். மேற்கே கிளேடாங் மலை. இரண்டுக்கும் நடுவே சுவர்போல் செங்குத்தாக எழுந்து நிற்பவையே சுண்ணாம்புக்கல் மலைகள். இவை ஒரு காலத்தில் கடலடியில் கிடந்தவை என்றால் நம்புவீர்களா? 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், கடல் உயிர்களின் ஓடுகள் படிந்து இறுகிக் கல்லாயின. பிறகு மழைநீர் அந்தக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் குகைகளைக் குடைந்தது.

அந்தக் குகைகளை மனிதன் விடுவானா? தம்புன் அருகே ஒரு பாறைச் சுவரில் ஆதிமனிதர் செங்காவியால் தீட்டிய ஓவியங்கள் உள்ளன. 1959இல் கூர்க்கா படைவீரர்கள் அவற்றைக் கண்டார்கள். சீன மக்கள் 1926இல் பேராக் தோங் குகைக்கோயிலை அமைத்தார்கள். நம்மவர்களோ குனோங் சீரோ மலையடியில் முருகனை வைத்து, அந்த இடத்துக்குக் கல்லுமலை என்றே பெயர் சொன்னார்கள்.

உங்கள் தாத்தா பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போய், பால் வெட்டி, லயத்துக்குத் திரும்பியவர்களுக்கு உல்லாசப் பயணம் ஏது? தைப்பூசம்தான் அவர்களுக்குப் பயணம். லாரி ஏறி வந்து, புந்தோங் மாரியம்மன் கோயிலிலிருந்து காவடியின் பின்னே நடந்து, கல்லுமலையைக் கண்டதும், "முருகா, வந்துட்டோம்பா!" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். மலையைப் பார்த்தது, கடைத்தெருவைப் பார்த்தது, பக்கத்துத் தோட்டத்து உறவினரைப் பார்த்தது எல்லாம் அன்று ஒரு நாளில்தான்.

ஆனால் அந்த மலைக்கு ஒரு துயரக் கதையும் உண்டு. 1973 அக்டோபர் 18ஆம் நாள் குனோங் சீரோவிலிருந்து பெரும்பாறை பெயர்ந்து அடிவாரத்து வீடுகள்மேல் விழுந்தது. சுமார் 40 பேர் மாண்டார்கள். குகையைக் குடைந்த அதே மழைநீர்தான் பாறையின் வெடிப்புகளிலும் இறங்கி அவற்றை அகலமாக்குகிறது. மலைக்குக் கோபம் இல்லை. அதன் இயல்பு அது. அடிவாரத்தில் குடியேற வேறு இடமில்லாதவர்களே அதற்குப் பலியானார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது.

மழை கரைக்க யுகங்கள் ஆகும். வெடிமருந்துக்குச் சில ஆண்டுகள் போதும். சிமெண்டுக்காகவும் சலவைக்கல்லுக்காகவும் கிந்தாவின் பல மலைகள் உடைபட்டுவிட்டன. காந்தான் குகையில் ஒரு சிலந்தி இனம் வாழ்கிறது. உலகில் வேறெங்கும் அது காணப்படவில்லை. மலை போனால் அதுவும் போச்சு! 2018இல் கிந்தா பள்ளத்தாக்கு தேசியப் புவிப்பூங்காவாக அறிவிக்கப்பட்டது நமக்கு ஆறுதல்.

பெற்றோர்களே, நாம் பிறந்த தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகள் ஆகிவிட்டன. லயமும் இல்லை, பால்மரமும் இல்லை. பிள்ளையிடம் சுட்டிக்காட்டி, "உன் பாட்டி பார்த்தது இதுதான்" என்று சொல்ல நமக்கு மிஞ்சியிருப்பது இந்த மலைதான்.

ஆகவே, இந்த விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். கோயிலில் கும்பிடுங்கள், குனோங் லாங் பூங்காவில் ஏரிக்கரையோரம் நடக்கவிடுங்கள், தம்புன் ஓவியத்தைக் காட்டுங்கள். மாணவர்களே, பாறையில் பெயரைக் கிறுக்காதீர்கள், குப்பையை வீசாதீர்கள். வீடு திரும்பியதும் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கண்ட கல்லுமலையைப் பற்றிக் கேட்டு ஏட்டில் எழுதி வையுங்கள். நம் வரலாற்றை நாம்தானே எழுத வேண்டும்!