துறைமுகமும் ஆலையும் பாட்டும்: கொழும்பு நகரப் பண்பாட்டின் இரு முனைகள்

நகரங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் தேசாதிபதிகளின் வருகையையும், மாளிகைகளின் திறப்பு விழாக்களையும், வர்த்தகக் கம்பெனிகளின் இலாபக் கணக்கையும் எழுதிவிட்டு நின்றுவிடுகின்றனர். அம்மாளிகைக்குக் கல் சுமந்தவன் மாலையில் எந்தப் பாட்டைக் கேட்டான், எழுத்தறியாத அவனுக்குப் பத்திரிகையை வாசித்துக் காட்டியவன் யார், திருவிழாக் கூட்டத்தில் அவனுக்குப் பக்கத்தில் நின்றவன் எந்த மொழி பேசினான் என்பவை அவர்களுக்கு வரலாறாகத் தோன்றுவதில்லை. ஆயின் ஒரு நகரத்தின் பண்பாடு என்பது இவற்றால் ஆனதே. கொழும்பு நகரின் இரு முனைகளை, வடக்கே கொட்டாஞ்சேனையையும் தெற்கே வெள்ளவத்தையையும் எடுத்துக்கொண்டு, இந்த நோக்கில் சற்றே ஆராய்வோம்.

கொட்டாஞ்சேனையைத் துறைமுகம் படைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், கிராண்ட்பாஸ் ஆகிய பகுதிகள் வசதி படைத்தோரின் தோட்ட வீடுகள் நிறைந்தவையாக இருந்தன. ஒல்லாந்தர் 1757இல் கட்டி முடித்த வுல்ஃபென்டால் தேவாலயம் அக்காலத்தின் சாட்சியாக இன்றும் மேட்டில் நிற்கின்றது. பின்னர் மலைநாட்டுக் கோப்பியும் தேயிலையும் கொழும்பை நோக்கி ஓடிவரத் தொடங்கின. 1875இல் அடிக்கல் நாட்டப்பட்ட தென்மேற்கு அலைதடுப்புச் சுவர் 1885இல் முடிவுற்றபோது, காலித் துறைமுகம் தன் சிறப்பை இழந்தது. கொழும்பு கீழைக் கடல் வாணிபத்தின் நடுநாயகமாயிற்று. துறைமுகத்துக்கு நிலக்கரி சுமக்கவும் தேயிலைப் பெட்டி ஏற்றவும் தோள்கள் வேண்டியிருந்தன. தோள்கள் வந்தன, தோட்ட வீட்டுக்காரர் கறுவாத்தோட்டத்துக்குக் குடிபெயர்ந்தனர். அவர்கள் விட்டுச் சென்ற வளவுகளில் வரிசைக் குடியிருப்புகள் எழுந்தன. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களிலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் இலங்கையின் பல பாகங்களிலிருந்தும் வந்தோர் ஒரே குழாயடியில் தண்ணீர் பிடித்தனர்.

வெள்ளவத்தையின் கதை வேறு. 1905இல் வடபகுதிப் புகைவண்டிப் பாதை நிறைவு பெற்றதும், ஆங்கிலக் கல்வி பெற்ற யாழ்ப்பாணத்து இளைஞர் அரசாங்கக் கந்தோர்களை நாடிக் கொழும்புக்கு வருவது எளிதாயிற்று. லிகிதரும் கணக்காளரும் ஆசிரியரும் வைத்தியரும் காலி வீதியை ஒட்டிய ஒழுங்கைகளில் முதலில் வாடகைக்கும் பின்னர் சொந்தமாகவும் குடியமர்ந்தனர். அங்கே இராமகிருஷ்ண மிஷன் மண்டபம் எழுந்தது. 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் தனக்கென இல்லமும் நூல்நிலையமும் அங்கே அமைத்துக்கொண்டது. கர்நாடக சங்கீதக் கச்சேரியும், பரதநாட்டிய அரங்கேற்றமும், சமயச் சொற்பொழிவும் அந்தச் சமூகத்தின் மேன்மைக்கு அடையாளங்களாயின. கொழும்புத் தமிழரின் பண்பாடு என்று ஏடுகளில் எழுதப்பட்டது பெரும்பாலும் இந்த மண்டபங்களின் பண்பாடே. கொட்டாஞ்சேனைத் தொழிலாளி அதில் சீட்டு வாங்காத பார்வையாளனாகக்கூட இடம்பெறவில்லை.

எனினும் வெள்ளவத்தையை வெறும் உத்தியோகத்தர் குடியிருப்பு என்று எண்ணிவிடலாகாது. கொழும்பின் மிகப்பெரிய துணியாலையான வெள்ளவத்தை நூற்பு நெசவாலை அங்கேதான் இருந்தது. அதில் உழைத்தோரில் பெரும்பாலோர் மலையாளிகளும் ஏனைய இந்தியத் தொழிலாளருமாவர். உலகப் பொருளாதார மந்தம் வாட்டிய காலத்தில், 1933 பெப்ரவரியில், ஊதியக் குறைப்பை எதிர்த்து அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். இந்த நிகழ்ச்சி நமது ஆய்வுக்கு மையமானது. ஆதலின் இதனைச் சற்று விரிவாகக் காணல் வேண்டும்.

கொழும்புத் தொழிலாளரின் தலைவராக அதுவரை விளங்கியவர் ஏ. ஈ. குணசிங்க. 1929இல் டிராம் வண்டித் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைத் தலைமை தாங்கி நடத்தியவர் அவர்; அப்போராட்டத்தின்போது மருதானையில் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அத்தகையவர் மந்தம் வந்து வேலை அருகியதும், முதலாளியைச் சுட்டிய விரலை மலையாளித் தொழிலாளியை நோக்கித் திருப்பினார். வெள்ளவத்தை வேலைநிறுத்தத்தில் அவர் வேலைநிறுத்தக்காரருக்கு எதிரணியில் நின்றார். தொழிலாளர் பக்கம் நின்றவர்கள் கொல்வின் ஆர். டி சில்வா, பிலிப் குணவர்தன முதலிய இளைஞர்கள். சிங்களம் பேசும் இளைஞர்கள் மலையாளம் பேசும் தொழிலாளருக்காக வாயில்தோறும் நின்றனர். இந்த அனுபவத்திலிருந்து முளைத்ததே 1935 டிசம்பரில் தோன்றிய லங்கா சமசமாஜக் கட்சி.

ஒரே ஆலை வாசலில் இரண்டு வழிகள் திறந்தன. ஒன்று, மொழி வேறாயினும் உழைப்பு ஒன்று என்ற வழி. மற்றது, வயிற்றுப் பசிக்கு அடுத்த மொழிக்காரனே காரணம் என்ற வழி. பின்வந்த ஆண்டுகளில் கொழும்பின் பண்பாடு இவ்விரண்டுக்கும் இடையே இழுபட்டதை நாம் காண்கிறோம். 1939இல் அரசாங்கத் திணைக்களங்களிலிருந்து இந்தியத் தொழிலாளரை நீக்கும் நடவடிக்கை தொடங்கிற்று. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை மட்டுமன்றிக் கொழும்பின் கூலித் தொழிலாளரையும் நாடற்றோர் ஆக்கியது. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் விதி பிற்பாடு தீர்மானிக்கப்படும் என்று தள்ளிவைக்கப்பட்டது. மக்களை மூட்டைகளைப்போல் எண்ணிப் பிரித்த அந்தக் கணக்கில் கொட்டாஞ்சேனைக் குடும்பங்களும் அடங்கின.

இனிப் பத்திரிகைக்கு வருவோம். 1930 ஆகஸ்ட் 6இல் சுப்பிரமணியம் செட்டியார் வீரகேசரியைத் தொடங்கினார். அதன் பணிமனை பின்னர் நிலைபெற்ற கிராண்ட்பாஸ் வீதி, கொட்டாஞ்சேனைக்கு அண்டை. மணிக்கொடிக் குழுவைச் சேர்ந்த வ. ரா. அதன் ஆசிரியராகச் சிலகாலம் பணியாற்றினார். 1932இல் லேக் ஹவுஸ் நிறுவனம் தினகரனைத் தொடங்கியது. இரண்டுமே மூலதனம் நடத்திய பத்திரிகைகள்தாம். ஆயினும் தேநீர்க்கடையில் ஒருவன் உரக்க வாசிக்கப் பத்துப் பேர் கேட்ட பத்திரிகை, உரிமையாளன் நினைத்ததைவிடப் பெரிய வேலையைச் செய்துவிடுகிறது. க. கைலாசபதி 1959இல் தினகரன் ஆசிரியரானபோது அந்த உண்மை வெளிப்பட்டது. பெருமுதலாளியின் பத்திரிகை, 1954இல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தாரின் படைப்புகளுக்குக் களமாயிற்று. இளங்கீரன் தொழிலாளரையும் சாதாரண மக்களையும் பாத்திரங்களாக்கி எழுதிய தொடர்கதை அதில் வெளிவந்தது. நமது மண்ணின் வாழ்க்கையை நமது வழக்கில் எழுதவேண்டும் என்ற தேசிய இலக்கியக் கோரிக்கை கொழும்பிலிருந்து எங்கும் பரவியது.

சினிமாவின் கதையில் ஒரு நிகழ்ச்சியை நமது ஆசிரியர்கள் வகுப்பறையில் சொல்லுதல் வேண்டும். முதலாவது சிங்களப் பேசும் படம் 'கடவுனு பொறொந்துவ'. அதனைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். படம்பிடிக்கப்பட்ட இடம் மதுரை. 1947 ஜனவரி 21இல் அது முதன்முதல் திரையிடப்பட்டது கொட்டாஞ்சேனைக் கிங்ஸ்லி தியேட்டரில். அதில் நடித்துச் சிங்கள மக்களின் நெஞ்சைக் கொள்ளை கொண்ட ருக்மணி தேவியோ கொழும்புச் செட்டி மரபினர். தமிழ்நாட்டிலிருந்து வந்து இலங்கையிலேயே வேரூன்றிய ஆர். முத்துசாமி பல சிங்களப் படங்களுக்கு இசையமைத்தார். இன்னொருவர் கலப்பின்றித் தூய்மையாகத் தோன்றிய பண்பாடு எதுவும் இந்த நகரத்தில் இல்லை. அப்படத்தின் பெயருக்கு 'முறிந்த வாக்குறுதி' என்பது பொருள். பின்னைய அரசியலை எண்ணுகையில் அப்பெயர் நமக்கு வேறொரு பொருளையும் தருகிறது.

வானொலியின் வரலாறு இன்னும் விந்தையானது. கொழும்பில் 1925 டிசம்பரிலேயே ஒலிபரப்புத் தொடங்கிவிட்டது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படையினர் தென்கிழக்காசியக் களத்துக்காக நிறுவிய வலிமை மிக்க சிற்றலைக் கருவி, போருக்குப் பின் இலங்கையிடம் வந்தது. 1949இல் இலங்கை வானொலியும் 1950இல் அதன் வர்த்தக சேவையும் உருவாயின. 1952இல் இந்திய ஒலிபரப்பு அமைச்சராக வந்த கேஸ்கர், சினிமாப் பாட்டுகள் தரக்குறைவானவை என்று கருதி அகில இந்திய வானொலியில் அவற்றின் இடத்தைச் சுருக்கினார். மேன்மக்கள் வெறுத்த பாட்டை விளம்பரக் கம்பெனிகள் அரவணைத்தன. பற்பசை வியாபாரி பணம் கொடுக்க, கொழும்பிலிருந்து அப்பாட்டுகள் கடல் கடந்தன. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் எஸ். பி. மயில்வாகனனின் குரல் வீட்டுக் குரலாயிற்று. 1957இல் இந்தியா விவித பாரதியைத் தொடங்கியதற்குக் கொழும்பின் போட்டி ஒரு காரணம்.

இதில் இரண்டு பாடங்கள் உள. மக்கள் விரும்பும் கலையை அதிகாரத்தால் தடுக்க இயலாது என்பது ஒன்று. அதை வியாபாரியிடம் ஒப்படைத்தால் அவன் தன் சரக்கையும் சேர்த்தே விற்பான் என்பது மற்றொன்று. ஒலிபரப்பில் சுயமான ஆக்கங்கள் முளைத்ததையும் நாம் மதிக்க வேண்டும். சானா எனப்பட்ட சண்முகநாதனின் 'லண்டன் கந்தையா' போன்ற நாடகங்கள் யாழ்ப்பாணப் பேச்சுத்தமிழை ஒலிவாங்கியின் முன் கூச்சமின்றி நிறுத்தின. அதே காலத்தில், 1956இல், சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்ற சட்டம் பிறந்தது. தென்னிந்தியா முழுதும் விரும்பிக் கேட்ட தமிழ்க்குரல் எந்த நகரிலிருந்து எழுந்ததோ, அந்த நகரின் கந்தோர்களில் தமிழன் தன் மொழியில் ஒரு விண்ணப்பம் எழுத வழியற்றுப் போனான்.

இசையில் மக்கள் வேறொரு தீர்ப்பை எழுதினர். போர்த்துக்கேயரின் பாட்டும் ஆபிரிக்க வம்சாவளியினரின் தாளமும் கலந்து இந்தத் தீவில் வளர்ந்தது பைலா. பொலிஸ் சேவையில் இருந்த வாலி பஸ்தியன் 1940களில் அதற்குச் சிங்கள உரு கொடுத்துத் தெருவுக்குக் கொண்டுவந்தார். 1960களிலும் 1970களிலும் அத்தாளத்தைத் தமிழ் இளைஞர் பற்றிக்கொண்டனர். நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' வீடுதோறும் ஒலித்தது. ஏ. ஈ. மனோகரன் பாடிய 'சுராங்கனி' சிங்களத்தையும் தமிழையும் ஒரே மெட்டில் பிணைத்துக்கொண்டு கடல் தாண்டித் தமிழ்நாட்டிலும் ஒலித்தது. சபா மேடைகள் இந்தப் பொப் இசையை முகஞ்சுளித்தே நோக்கின. அதில் ஆழ்ந்த கருத்து இல்லை என்பது மெய்யே. ஆனால் சிங்களக் கல்யாண வீட்டிலும் தமிழ்க் கல்யாண வீட்டிலும் ஒரே தாளத்துக்குக் கால்கள் ஆடின. சட்டம் பிரித்ததைப் பாட்டு மறுத்தது.

ஆடிவேல் விழாவும் இத்தகையதே. செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்களிலிருந்து வேல் ஊர்வலம் காலி வீதி வழியே தெற்கே பம்பலப்பிட்டி வரை செல்லும். நாட்டுக்கோட்டைச் செட்டியாரின் செல்வம் எழுப்பிய விழா அது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் தேர் வீதிக்கு வந்ததும் அது கரும்பு விற்றவனுக்கும் வேடிக்கை பார்த்த சிங்கள, முஸ்லிம் மக்களுக்கும் உரியதாகிவிட்டது. வட கொழும்பையும் தென் கொழும்பையும் ஆண்டுக்கொருமுறை அது ஒரு கயிற்றால் கட்டிற்று.

அப்படியானால் பாட்டும் விழாவும் ஏன் நகரைக் காக்கவில்லை? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. 1958இல் கலவரம் மூண்டு, கொழும்புத் தமிழர் அகதிகளாக ரோயல் கல்லூரியில் தஞ்சம் புகுந்தனர். 1983 ஜூலையில் வெள்ளவத்தையின் கடைகளும் வீடுகளும் தீயிடப்பட்டன. சிங்களப் படங்களை இயக்கிய கே. வெங்கட் கொல்லப்பட்டார், கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. சிங்கள மக்களை மகிழ்வித்த கலைஞன் என்பது அவர் உயிருக்குக் காப்பாகவில்லை. எத்தனையோ சிங்களக் குடும்பங்கள் அயலவரைத் தம் வீட்டில் மறைத்துக் காத்தன என்பதும் வரலாறே. ஆயினும் தனி மனிதரின் இரக்கம் அரசின் துணையோடு வந்த வன்முறைக்கு ஈடாகாது. கலை மக்களை நெருங்கச் செய்யும். அந்த நெருக்கத்தைக் காக்க அமைப்பு வேண்டும். ஒரு காலத்தில் அந்த அமைப்பாக இருந்தது தொழிற்சங்கம். மலையாளித் தொழிலாளியை அந்நியன் என்று சொல்ல அனுமதித்த அன்றே அது உள்ளிருந்து அரிக்கப்பட்டது. மொழிப் பிரச்சினையில் இடதுசாரிக் கட்சிகளே 1960களில் தம் பழைய நிலையிலிருந்து வழுவியபோது கடைசித் தடுப்பும் சரிந்தது.

1983இன் பின் கலைஞரில் பலர் நாட்டைவிட்டு அகன்றனர். எனினும் நகரம் அழியவில்லை. வடக்கிலும் கிழக்கிலும் போரால் துரத்தப்பட்டோர் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை விடுதிகளில் தங்கினர். 2007 ஜூன் 7இல் அவ்விடுதிகளிலிருந்து தமிழர் பலர் பஸ்களில் ஏற்றி நகருக்கு வெளியே அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. சிகை அலங்காரத் தொழிலாளியாக வாழ்ந்து 1966இல் யாழ்ப்பாணத்தில் 'மல்லிகை'யைத் தொடங்கிய டொமினிக் ஜீவா, போர்க்காலத்தில் கொழும்புக்கு வந்து கதிரேசன் வீதியிலிருந்து அதனைத் தொடர்ந்து நடத்தினார். 2019 ஏப்ரல் 21இல் குண்டு வெடித்த கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் அன்றும் இன்றும் சிங்களமும் தமிழும் கலந்தே வேண்டுதல் எழுகிறது.

ஆசிரியர்களும் மாணவர்களும் இவ்வரலாற்றைத் தேடி நூலகத்துக்கு மட்டும் சென்றால் போதாது. பழைய துறைமுகத் தொழிலாளியின் நினைவும், ஆலையில் நூல் நூற்ற பெண்ணின் நினைவும், பெட்டிக்குள் தூசு படிந்த இசைத்தட்டும் நமது ஆவணங்கள். அவற்றைத் தமிழில் மட்டுமன்றிச் சிங்களத்திலும் எழுதுதல் வேண்டும். 1933இல் வெள்ளவத்தை ஆலை வாசலில் திறந்த இரண்டு வழிகளில் ஒன்று இன்னும் முழுதாக நடந்து பார்க்கப்படவில்லை. அவ்வழியில் முதலில் சென்றவர்களின் பெயர்களையும் பாட்டுகளையும் அறியாத தலைமுறை, மற்ற வழியில் மீண்டும் எளிதாக இழுக்கப்படும்.